விஜயதசமிக்கு முன்னால் திறந்த கதவு

போன கிழமை உங்களில் ஒருத்தி என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். பணியில் சேர்ந்து இன்னும் ஒரு தவணைகூட முடியாத புது டீச்சர். "என் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வீடே இல்லையாம். இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. இனி நான் என்ன செய்ய?" என்று கேட்டாள். நான் உடனே பதில் சொல்லவில்லை. என் வயதுக்காரர்கள் பேசாமல் இருந்தால் ஆழ்ந்து யோசிக்கிறார்கள் என்று நீங்கள் மரியாதையாக நினைத்துக்கொள்கிறீர்கள். பாதி நேரம் காது கேட்காததுதான் காரணம். அன்றைக்கு நன்றாகவே கேட்டது. ஆனால் பதில் நீளமானது, அவளுக்கோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆகவே உங்கள் எல்லாருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

வீடில்லாத பிள்ளையைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அழுக்குச் சட்டை, எண்ணெய் காணாத தலை, மணியடித்த பிறகு ஓடி வருவது என்று நம் எல்லாருடைய மனத்திலும் ஒரு படம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த பிள்ளை அந்தப் படத்துக்கு நேர்மாறாக இருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு முதல் ஆளாக வருவாள். தலை ஈரம் காயாமல் வாரிப் பின்னியிருக்கும். நகம் வெட்டியிருக்கும். நாலாம் வகுப்பில் மற்றப் பிள்ளைகளை ஏச வேண்டுமென்றால், "அழகம்மாவைப் பாருங்கள்" என்று அவளைத்தான் காட்டுவோம்.

முப்பதுகளின் தொடக்கம் அது. தேயிலை விலை விழுந்துகிடந்தது. தோட்டங்களில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். உங்களில் பட்டணத்தில் பிறந்தவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். தோட்டத்தில் வேலை போனால் வேலை மட்டும் போவதில்லை. குடியிருக்கும் லயத்துக் காம்பராவும், அந்த ஒற்றை அறையும், தோட்டத்துடையதுதான். பத்துச்சீட்டை, அதாவது வேலையிலிருந்து நிறுத்தும் சீட்டை, கையில் கொடுத்தால் சட்டி பானையோடு வெளியேற வேண்டும். அப்படி வெளியேறியவர்கள் சிலர் கப்பலேறி இந்தியாவுக்கு, சொந்த ஊருக்குப் போனார்கள். சிலர் கண்டிக்கு வந்தார்கள். பட்டணம் பெரிது, ஏதாவது கிடைக்கும் என்ற நம்பிக்கைதான்.

எங்கள் பள்ளிக்கூடம் கண்டி ரயில் நிலையத்துக்குக் கிட்ட இருந்தது. ஒரே நீள மண்டபம், அதன் கோடியில் இரண்டு அறைகள். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே ஒரு பனையோலைத் தட்டி. நான் மூன்றாம் வகுப்பில் பெருக்கல் சொல்லிக்கொடுத்தால் பக்கத்தில் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் விடை சொல்வார்கள். கடைக்காரர்களின் பிள்ளைகள், ரயில்வே ஆட்களின் பிள்ளைகள், பசார் தெரு முஸ்லிம் பிள்ளைகள் எல்லாரும் படித்தார்கள். தலைமையாசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, அதனால் எல்லாரும் கூப்பிட்ட மாதிரியே பெரிய வாத்தியார் என்று சொல்கிறேன். நெற்றி நிறைய திருநீறு. விரதம், பூசை, நேரம், ஒழுங்கு. அவர் வரும்போது சுவர்க்கடிகாரம்கூடச் சரியாக ஓடும் என்று நாங்கள் கேலி பேசுவோம், அவருக்குக் கேட்காத தூரத்தில் நின்றுகொண்டு.

அந்த வருஷம் சரஸ்வதி பூசை வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்து வழக்கம் இதுதான். கடைசி அறையைக் கழுவிக் கோலம் போட்டு அம்மன் படத்தை வைப்போம். பிள்ளைகள் எல்லாரும் புத்தகப் பைகளைக் கொண்டுவந்து படத்துக்கு முன்னால் அடுக்குவார்கள். கோயில் ஐயர் வந்து பூசை செய்வார். அதோடு அறையைப் பூட்டிவிடுவோம். மறுநாள் விஜயதசமி. காலையில் திரும்பவும் பூசை செய்து, பைகளை எடுத்துக் கொடுத்து, எல்லாரும் ஒரு வரியாவது வாசித்துவிட்டுப் போவார்கள். நடுவில் யாரும் கதவைத் திறக்கக்கூடாது. ஒரு நாள் புத்தகத்தைத் தொடக்கூடாது என்பதில் பிள்ளைகளுக்கு எவ்வளவு பக்தி என்று நான் சொல்லத் தேவையில்லை.

பள்ளிக்கூட மனேஜருக்கு இந்த வழக்கத்தில் ஒரு மனத்தாங்கல் இருந்தது. அவர் புடைவைக் கடை முதலாளி. பள்ளிக்கூடத்துக் கட்டடமும் அவருடையது, எங்களை வைப்பதும் நிறுத்துவதும் அவர் கையில். முந்திய வருஷம் அவருடைய பேரன் பம்பரத்தைப் பையோடு உள்ளே வைத்துவிட்டு, சாயந்தரம் வந்து தரையில் புரண்டு அழுதான். பெரிய வாத்தியார் அசையவில்லை. முதலாளியே ஆள் அனுப்பியும், நாளைக்குக் காலையில் தரலாம் என்று சொல்லிவிட்டார். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூசையன்று பைகளை அடுக்கிக்கொண்டிருந்தது நாலாம் வகுப்பு உதவி ஆசிரியர். சின்ன வாத்தியார் என்போம். நல்ல மனுஷன், துறுதுறுவென்று வேலை செய்வார். எல்லாப் பிள்ளைகளும் பையை வைத்தாயிற்று. அழகம்மா மட்டும் வைக்கவில்லை. அவளுடையது பெரிய சாக்குப்பை. மற்றவர்கள் பையை ஆணியில் மாட்டுவார்கள், அவள் காலுக்கிடையில் வைத்துக்கொண்டுதான் உட்காருவாள். பிள்ளைகள் அவளுக்கு மூட்டைக்காரி என்று பட்டம் வைத்திருந்தார்கள்.

"என்ன அழகம்மா, பையை வை. வைக்காட்டி படிப்பு ஏறாது" என்றார் சின்ன வாத்தியார்.

"ஏறாட்டிப் பரவாயில்லங்க சார்" என்றாள்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. சின்ன வாத்தியாரும் சிரித்துக்கொண்டே பையை அவள் கையிலிருந்து வாங்கி அடுக்கின் அடியில் வைத்தார். பாரமாக இருக்கிறதே, அக்காளுடைய புத்தகங்களையும் சேர்த்துக் கொண்டுவருகிறாயா என்று கேட்டுக்கொண்டே மேலே மற்றப் பைகளை அடுக்கினார். பூசை நடந்தது. கடலையும் அவலும் கொடுத்தோம். முஸ்லிம் பிள்ளைகள் பூசைக்கு வராமல் கடலைக்கு மட்டும் சரியாக வந்து சேர்ந்தார்கள், அதுவும் எங்கள் வழக்கந்தான். பெரிய வாத்தியார் கதவைப் பூட்டிச் சாவியை மடியில் செருகினார். பிள்ளைகள் போய்விட்டார்கள்.

மத்தியானம் மழை பிடித்தது. ஐப்பசி மாதத்துக் கண்டி மழை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். நான் பூசைச் சாமான்களைக் கழுவி வைத்துவிட்டு வெளியே வந்தால், பூட்டிய அறையின் வாசற்படியில் அழகம்மா உட்கார்ந்திருக்கிறாள்.

"என்ன பிள்ளை, போகலியா?"

"மழை டீச்சர்."

மழை கொஞ்சம் விட்டது. அவள் எழும்பவில்லை.

"இப்ப மழை விட்டிருச்சே."

"காலு வலிக்குது டீச்சர்."

அந்தக் கால் அன்று காலையில் பூப்பறிக்க மதிலேறிக் குதித்ததை நான் பார்த்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளாகவே கேட்டாள்.

"டீச்சர், சாமி எல்லாப் பையையும் பாத்துருமா?"

"பார்க்கும்."

"பாத்து முடிஞ்சிருச்சின்னா, ஒரு பைய மட்டும் எடுக்கலாங்களா?"

பையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். புத்தகம் என்றாள். புத்தகம் எதற்கு இப்போது என்றேன். உதட்டைக் கடித்துக்கொண்டு மழையைப் பார்த்தாள். மழை திரும்பவும் வலுத்துக்கொண்டிருந்தது. எங்கள் பேச்சுக் கேட்டுச் சின்ன வாத்தியார் வந்தார். "நாளைக்குக் காலையில கிடைக்கப்போகுது. அதுக்குள்ள என்ன பிடிவாதம்? வீட்டுக்குப் போ" என்றார். வீட்டுக்குப் போ என்ற சொல்லைக் கேட்டதும் அந்தப் பிள்ளையின் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ கணக்குப் போடுவதுபோல் இருந்தாள்.

அப்போதுதான் பெரிய வாத்தியார் வந்தார். சின்ன வாத்தியார் விஷயத்தைச் சொன்னார். நான் என்ன எதிர்பார்த்தேன் என்றால், முந்திய வருஷம் பம்பரத்துக்குச் சொன்னதையே இவளுக்கும் சொல்வார் என்றுதான். அவர் அவள் முன்னால் குனிந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எப்ப வேணும் பிள்ளை?"

பையில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. எதற்கு வேண்டும் என்றும் கேட்கவில்லை. நான் கேட்டது அந்த இரண்டைத்தான், இரண்டுக்கும் அவளால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. இதற்கு அவளுக்குப் பதில் இருந்தது.

"பொழுது போறதுக்குள்ள ஐயா."

அவர் மடியிலிருந்து சாவியை எடுத்தார். "ஐயா, பூசை முடியல்லியே" என்றார் சின்ன வாத்தியார். "ஓம், தெரியும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி வைத்து, படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டு, உள்ளே போனார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அடியிலிருந்த பையை இழுத்ததும் மேலே இருந்தவை சரிந்தன. சாக்கின் வாய் கட்டு அவிழ்ந்து ஒரு கறுப்புக் கம்பளியின் தொங்கல் வெளியே வந்தது. தோட்டத்தில் கொடுப்பார்களே, அந்தக் கம்பளி. அதற்குள் ஒரு தகரப் பானை, ஒரு சீப்பு, துணியில் சுற்றிய ஒரு கைக்குழந்தைச் சட்டை. புத்தகம் இரண்டே இரண்டுதான்.

பெரிய வாத்தியார் கம்பளியை உள்ளே திணித்து வாயைக் கட்டி, அவள் கையில் கொடுத்தார். பிறகு சின்ன வாத்தியாரை ஐயர் வீட்டுக்கு ஏதோ ஒரு வேலையாக அனுப்பிவைத்தார். அந்த வேலை அவசரமானதல்ல என்பது எனக்குத் தெரியும். சின்ன வாத்தியார் போன பிறகுதான் கேட்டார்.

"இண்டைக்கு மழையெல்லே. எங்க படுப்பீங்கள்?"

"கடை வாசல்ல ஐயா. சாத்துன பெறகு. சாரல் அடிச்சா கோயிலுக்குப் போவோம். வெரட்ட மாட்டாங்க. விடியக்குள்ள எந்திரிச்சிடணும்."

தம்பிக்கு நெஞ்சுச் சளி என்றும், கம்பளி ஒன்றுதான் இருக்கிறது என்றும், பகலில் கடை வாசலில் வைத்தால் களவு போய்விடும் என்பதால் அம்மா பள்ளிக்கூடத்துப் பையில் போட்டு அனுப்புகிறாள் என்றும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவர்கள். அப்பா கங்காணியோடு வாய்த்தர்க்கப்பட்டதில் பத்துச்சீட்டு. இப்போது ரயில்வே குட்ஷெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா பருப்புக் கடையில் புடைக்கிறாள். கடை திறக்கும் முன் வாசலைக் கூட்டிவிட்டு எழும்பிவிட வேண்டும். அதுதான் அவள் முதல் ஆளாக வந்தது. குழாயடியில் கூட்டம் சேருமுன் குளிக்க வேண்டும். அதுதான் அந்த ஈரத் தலை. நாங்கள் மற்றப் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்டிய ஒழுக்கம் எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் புரிந்தது.

போகும்போது திரும்பி வந்து, "டீச்சர், மத்த புள்ளைகளுக்குச் சொல்லிறாதீங்க" என்றாள். சொல்லமாட்டேன் என்றேன். பெரிய வாத்தியார் தன் குடையை அவளிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு போனார்.

மறுநாள் விஜயதசமி. பெற்றோரும் வந்திருந்தார்கள், முதலாளியும் வந்திருந்தார். பைகளைக் கொடுக்கும்போது அழகம்மா வெளியிலிருந்தே பையோடு வந்ததைப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். பிள்ளைகள் பார்த்தால் ஊர் பார்த்த மாதிரி. சின்ன வாத்தியாரின் வாயும் சும்மா இருந்திருக்காது. கொஞ்ச நேரத்தில் விஷயம் முதலாளியின் காதுக்குப் போனது. அத்தனை பேருக்கும் முன்னால் அவர் கேட்டார்.

"நேத்து பூசை முடியறதுக்கு முந்தியே கதவைத் திறந்தீங்களாமே, வாத்தியாரே?"

"ஓம், திறந்தனான்."

"என் பேரன் அழுதப்போ திறக்கல."

"இல்லை."

"இப்ப மட்டும் என்ன வந்துச்சு?"

"ஒரு பிள்ளைக்கு அவசரம்."

"என்ன அவசரம்?"

"அதை அந்தப் பிள்ளையின்ரை தாயைக் கேளாமல் நான் சொல்ல ஏலாது."

முதலாளியின் முகம் சிவந்தது. கோபமென்றால் சத்தம் போடுகிற ஆளில்லை அவர், சத்தம் குறையும். "நான் வேற வாத்தியார் பாத்துக்கிற மாதிரி வச்சிடாதீங்க" என்றார். பெற்றோர் எல்லாரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாய் துடித்தது. அந்தப் பிள்ளைக்குப் படுக்க இடமில்லை, அதுதான் காரணம் என்று ஒரு வரி சொன்னால் போதும், எல்லாரும் உச்சுக்கொட்டியிருப்பார்கள். பெரிய வாத்தியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். அழகம்மா கூட்டத்தின் கடைசியில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் மறுநாள் அவள் வந்திருக்கமாட்டாள், எங்கே போய்த் தேடுவது? அவளுக்குத்தான் விலாசமே இல்லையே. இளம் ஆசிரியர்களே, நல்லது செய்கிறோம் என்று சபையில் வாயைத் திறப்பதற்கு முன் இந்த இடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

முதலாளி போன பிறகு பெரிய வாத்தியார் என்னிடம், "ரீச்சர், தாயை ஒருக்கால் காணவேணும். வரச்சொல்லி வற்புறுத்த வேண்டாம், கேட்டுப் பாருங்கோ" என்றார். பருப்புக் கடைக்குப் போனேன். அழகம்மாவின் தாய் வீராயி முறத்தை நிறுத்தாமலே கேட்டாள். நடந்ததைச் சொன்னதும் முறம் நின்றது.

"சொன்னா புள்ளய எடுத்துற மாட்டாங்களே?"

அவளுடைய பயம் அதுதான். வீடில்லாத பெண்ணின் பிள்ளையை நல்ல இடம் என்று சொல்லி யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள் என்பது. எடுக்கமாட்டார்கள் என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் அது என் கையில் இல்லை.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

"பெரிய வாத்தியாருக்கு வேலை போயிருமா?"

"போகலாம்."

சேலையிலிருந்த உமியைத் தட்டிவிட்டு, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "வாங்க, போவோம்" என்றாள். நான் பொய் சொல்லியிருந்தால் வந்திருக்கமாட்டாள் என்று நினைக்கிறேன்.

பெரிய வாத்தியார் ஆளனுப்பி வரவழைத்திருந்த முதலாளி அவருடைய அறையில் கதிரையில் இருந்தார். வீராயிக்கும் ஒரு கதிரை போட்டார் பெரிய வாத்தியார். அவள் உட்காரவில்லை. எங்கே படுக்கிறோம், எதற்குக் கம்பளி, எதற்குப் பை என்று நேராகச் சொன்னாள். அழுதுகொண்டு சொல்லவில்லை, கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னாள். கேட்கக் கேட்க முதலாளியின் முகம் மாறியது. அவர் கெட்டவரல்ல. கோயிலில் அன்னதானம் என்றால் முன்னால் நிற்பவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கா இவ்வளவு? நான் பாத்துக்கிறேன். பிள்ளையை நம்ம வீட்டுக்கு அனுப்பிடும்மா. எங்க வீட்டம்மாவுக்குக் கூடமாட ஒத்தாசையா இருக்கட்டும். சாப்பாடு, துணிமணி, படுக்க இடம், எல்லாம் என் பொறுப்பு. வீடில்லாத பிள்ளைக்கு ஒரு வீடு ஆச்சு" என்றார்.

இதைவிட நல்ல வார்த்தையை அந்த மனுஷன் வாழ்க்கையில் சொல்லியிருக்கமாட்டார். ஆனால் அப்படி ஒத்தாசைக்குப் போன பிள்ளைகள் திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு வந்ததை நான் பார்த்ததில்லை. பெரிய வாத்தியாரைப் பார்த்தேன். அவர் வீராயியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள்தான் பதில் சொல்லவேண்டும் என்று விட்டுவிட்டார். வேலைக்கே ஆபத்து வந்திருக்கும்போது, முதலாளி சொன்ன நல்ல வார்த்தைக்குத் தலையாட்டாமல் சும்மா இருப்பதற்கு எவ்வளவு தெம்பு வேண்டும் என்பது உங்களுக்கும் ஒருநாள் தெரியவரும்.

வீராயி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"எம் புள்ளைக்கு வீடு இருக்குங்க மொதலாளி. நான் இருக்கேன், அதோட அப்பன் இருக்கு, தம்பி இருக்கு. எங்களுக்குக் கூரைதாங்க இல்ல. கூரைக்காகப் புள்ளயக் குடுக்கச் சொல்றீங்களா?"

"நான் நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்றார் முதலாளி, கொஞ்சம் மனம் நொந்து. "ஓம், எங்களுக்கு விளங்குது" என்றார் பெரிய வாத்தியார். அதன்பிறகுதான் அவர் தன் யோசனையைச் சொன்னார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பிள்ளைகள் உட்காரும் வாங்குகள் உடைந்தால் போட்டுவைக்கிற ஒரு அறை இருந்தது. ஒழுக்கில்லாத ஓடு. மாடுகள் உள்ளே புகுந்து மண்டபத்தை அசிங்கப்படுத்துகின்றன, ஒரு காவலாள் வேண்டும் என்று முதலாளியே பலதரம் சொல்லியிருந்தார். வேறு வேலை கிடைக்கும் வரைக்கும் அந்தக் குடும்பம் அங்கே இருக்கட்டும், விடிய எழும்பி மண்டபத்தைக் கூட்டி வைக்கட்டும் என்றார் பெரிய வாத்தியார்.

"பள்ளிக்கூடத்துல குடி வைக்கிறதா? இன்ஸ்பெக்டர் வந்து கேட்டா?"

"காவலுக்கு ஆள் வைச்சிருக்கிறம் எண்டு சொல்லுவன். அது பொய்யில்லை."

முதலாளி கொஞ்ச நேரம் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி, "அந்த வாங்குகளை எங்க கொண்டுபோய்ப் போடுவீங்க?" என்றார். அதுதான் அவருடைய சம்மதம். வாங்குகளை அவர் கடைப் பின்பக்கத்துக்கே வண்டி அனுப்பி எடுத்துக்கொண்டார். பேரனுடைய பம்பரத்தைப் பற்றி அதன்பிறகும் சொல்லிக்காட்டாமல் இருக்கவில்லை.

இனி நீங்கள் கேட்பது எனக்குத் தெரியும். எங்களுக்கு அறையும் இல்லை, அப்படி ஒரு முதலாளியும் இல்லை, நாங்கள் என்ன செய்வது என்பீர்கள். நியாயம்தான். அறை கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம். ஆனால் அறைக்கு முன்னும் பின்னும் நாங்கள் சில காரியங்களைச் செய்தோம். அவற்றுக்கு அதிர்ஷ்டம் வேண்டியதில்லை. என் மேசைக்குப் பக்கத்து அலுமாரியில் ஒரு தட்டைக் காலியாக்கினேன். எந்தப் பிள்ளையும் எதையும் வைக்கலாம், வகுப்பு முடிந்து எடுக்கலாம், என்ன என்று கேட்கமாட்டேன் என்றேன். முதல் கிழமை வைத்தது முழுக்கக் கொய்யாக்காயும் மாபிளும்தான். பிறகு ஒரு பையன் ஒரு பாயைச் சுருட்டிக் கொண்டுவந்து வைத்தான். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். அவனும் அப்படியே இருந்தான். அழுக்காக வருகிற பிள்ளையை, குளித்துவிட்டு வா என்று வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் வழக்கம் எங்களிடம் இருந்தது. அதை நிறுத்தி, கிணற்றடியில் ஒரு வாளியும் சவர்க்காரமும் வைத்தோம். எங்கள் வீடு என்று கட்டுரை எழுதச் சொல்வதையும் விட்டோம். நான் கண்ட மழை என்று எழுதச் சொன்னோம், மழை எல்லாருக்கும் பொதுதானே. பள்ளி விட்ட பிறகும் மண்டபத்தில் இருந்து படிக்க விரும்புகிறவர்கள் இருக்கலாம் என்று பெரிய வாத்தியார் சொன்னார். எல்லாருக்கும் சொன்னார். தேவைப்பட்டவர்கள் அந்த எல்லாருக்குள்ளே ஒளிந்துகொண்டார்கள்.

சின்ன வாத்தியாரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அவரைக் கெட்ட பேரோடு விட்டுவிடக்கூடாது. வீராயி குடும்பம் அறைக்கு வந்த அன்று முதுகில் வாங்கு சுமந்து அறையைக் காலிபண்ணியவர் அவர்தான். யாரும் சொல்லவில்லை. "எனக்குத் தெரியாது டீச்சர், தெரிஞ்சிருந்தா அப்படிச் சிரிச்சிருப்பேனா" என்று என்னிடம் ஒருதரம் கேட்டார். தெரியாதபோதும் சிரிக்காமல் இருப்பது எப்படி என்பதுதான் நம் தொழிலில் கஷ்டம் என்று அவரிடம் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

அந்தக் குடும்பம் அடுத்த வருஷம் சித்திரை வரைக்கும் அங்கே இருந்தது. மழைக்காலத்தில் சின்னவனுடைய சளி போனது. அழகம்மா ஐந்தாம் வகுப்புக்கு ஏறினாள். அவளுக்குக் கணக்கு வராது. பாட்டு வரும். பிள்ளைகளோடு சண்டையும் போடத் தொடங்கினாள். மற்றவர்கள் அவளைப் பற்றி முறைப்பாடு கொண்டுவந்த முதல் நாள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை அவளுக்குக் காட்டாமல் நன்றாக ஏசினேன்.

சித்திரையில் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவளுடைய அப்பாவைச் சேர்த்துக்கொண்டார்கள். காம்பராவும் கொடுத்தார்கள். அங்கே தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்று இருப்பதைப் பெரிய வாத்தியார் விசாரித்து வைத்திருந்தார். அந்த வாத்தியாரை ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரே போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். அவர்கள் புறப்பட்ட அன்று நானும் அவரும் வழியனுப்பப் போனோம். பஸ் நின்றுகொண்டிருந்தது. அப்பா சாமான்களை மேலே ஏற்றினார். வீராயி குழந்தையோடு உள்ளே போய் யன்னலோரம் உட்கார்ந்தாள். அழகம்மா மட்டும் ஏறவில்லை. பஸ்காரன் ஏறச் சொல்லிச் சத்தம் போடுகிறான், அவள் பெரிய வாத்தியாருக்கு முன்னால் நிற்கிறாள்.

"ஐயா, அங்கயும் பத்துச்சீட்டுக் குடுத்துட்டாங்கன்னா, நாங்க இங்க வரலாங்களா?"

"நல்ல காரியத்துக்குப் போறப்ப என்னடி பேச்சு" என்று உள்ளேயிருந்து வீராயி அதட்டினாள். அழகம்மா காதில் வாங்கவில்லை. பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெரிய வாத்தியார், அன்றைக்குப் போலவே, அவள் முன்னால் குனிந்தார்.

"வரலாமோ எண்டு கேளாதை பிள்ளை. வா."

அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் பஸ்ஸில் ஏறினாள்.